சரஸ்வதி பூசைக்குப் படுக்கவைத்த பாரமானி

என் மகள் அந்த வெள்ளி மணிகளில் ஒன்றை விழுங்கினாளா, இல்லையா?

இன்று வரை எனக்குத் தெரியாது. அப்போது நான் குசினியில் அவலுக்குத் தேங்காய்ப்பூ கலந்துகொண்டிருந்தேன். கணவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். மிச்சமிருக்கும் ஒரே சாட்சி என் மகள்தான். அவளுக்கு அப்போது இரண்டரை வயது, எதைக் கேட்டாலும் டேனிஷ் மொழியில் ஆமோதிக்கிற பருவம்.

"விழுங்கினனியோ அம்மா?"

"ஜா."

"விழுங்கேல்லையோ?"

"ஜா."

"அப்பா விழுங்கினவரோ?"

"ஜா."

அவளுடைய அப்பா விழுங்கவில்லை என்பது மட்டும் எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

நாங்கள் டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்தில் இருக்கிறோம். கணவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சீர்செய்கிறவர். நான் ஓர் அலுவலகத்தில், மற்றவர்கள் அனுப்புகிற விண்ணப்பங்களில் ஏதும் குறை இருக்கிறதா என்று பார்க்கிறவள். என் சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை யாரும் தந்திருக்க முடியாது. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் என் பிள்ளையிடம் தொடர்வேன்.

மகளைப் பகல் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்த முதல் வாரத்தில் ஒருநாள் மதியம் நேரத்துடன் கூட்டிவரப் போனேன். முற்றத்தில் ஒரு தாழ்வாரத்தின் கீழே பெரிய தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை நித்திரை. வெளியே தெரிந்தவை சிவந்த மூக்குகள் மட்டுமே. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஏதோ தீ ஒத்திகை என்று நினைத்தேன். இல்லை, இந்த நாட்டில் பிள்ளைகளின் மதிய நித்திரை அப்படித்தான். குளிர்ந்த காற்றில் படுத்தால் நன்றாக உறங்குவார்கள், நோய் வராது என்று இவர்கள் நம்புகிறார்கள். இவர்களுடைய பிள்ளைகளும் அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி கொழுகொழுவென்று வளர்கிறார்கள்.

"எத்தனை பாகை குளிர் வரை வெளியே படுக்கவிடுவீர்கள்?" என்று அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டேன்.

"நாங்கள் பிள்ளையைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்" என்றார் அவர்.

இலக்கம் இல்லாத பதில். அன்றிலிருந்து என் கைபேசியில் வானிலை சொல்லும் செயலிகள் மூன்று குடியேறின. அவை ஒன்றையொன்று மறுத்தன. கணவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"மூண்டு ஆப் வைச்சிருக்கிறீர். நாலாவதா யன்னலையும் ஒருக்காத் திறந்து பாருமன்."

இந்த நிலையில்தான் கோல்டிங்கில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போன இடத்தில், பக்கத்து விளையாட்டு மண்டபத்தில் நடந்த பழைய பொருள் சந்தைக்குள் நுழைந்தேன். பீங்கான் நாய்களுக்கும் மெழுகுவர்த்தித் தாங்கிகளுக்கும் நடுவே அது ஒரு கதிரையின் முதுகில் சாய்ந்து நின்றது. கழுத்து நீண்ட சுரைக்காய் போன்ற உருவம். கறுப்புக்குக் கிட்டிய மண்ணிற மரம். வயிற்றில் வெள்ளி பூசிய வட்ட முகம். அதில் மணிக்கூட்டு இலக்கங்கள் இருக்கவேண்டிய இடத்தில் புயல், பெருமழை, மழை, மாற்றம், நல்ல காலம், நிலைத்த நல்ல காலம், கடும் வறட்சி என்று ஆங்கிலத்தில் வளைவாகப் பொறித்திருந்தார்கள். விக்டோரியா காலத்துப் பாரமானி, காற்றின் அழுத்தத்தை அளந்து வானிலை சொல்லும் கருவி. தன் கணவர் இங்கிலாந்தில் வாங்கியது என்று விற்ற பெண் சொன்னார்.

"இது நாளைக்கு வரப்போகும் வானிலையைச் சரியாகச் சொல்லுமா?"

"முள் பெரும்பாலும் மாற்றம் என்ற இடத்தில்தான் நிற்கும். டென்மார்க்கில் அது பிழையானதே இல்லை" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொண்டுபோகும்போது நிமிர்த்தியே பிடிக்கவேண்டும். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போடுவதுபோல" என்றார்.

நான் பிறர் சொன்னதைக் கேட்கிறவள். கோல்டிங்கிலிருந்து ஹோர்சன்ஸ் வரை ரயிலில் அதை நெஞ்சோடு அணைத்து நிமிர்த்திப் பிடித்தபடி வந்தேன். மகளைக் கணவர் மடியில் வைத்திருந்தார். எதிரே இருந்த பயணி பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதா, பாரமானியைப் பார்த்துச் சிரிப்பதா என்று தடுமாறினார்.

ரயிலில் கேலி செய்துகொண்டு வந்த கணவர், மறுநாளே அதைச் சுவரில் தொங்கவிட்டு, முதுகுப் பலகையைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். இயந்திரக்காரரின் ஆசை. அதன் பிறகு பாரமானி அவருடையதாகிவிட்டது.

"இஞ்சை வாரும். வளைஞ்ச கண்ணாடிக் குழாய், அதுக்குள்ளை பாதரசம். அதின்ரை சின்ன வாயிலை ஒரு கண்ணாடிக் குண்டு மிதக்குது. குண்டிலை நூல், நூல் சில்லைச் சுத்துது, சில்லு முள்ளைச் சுத்துது. மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. எவ்வளவு வடிவான வேலை."

எனக்குக் கேட்டது பாதரசம் என்ற சொல் மட்டும்தான்.

"இஞ்சருங்கோ, இதைத் திருப்பிக் குடுப்பம்."

"ஏன்?"

"பிள்ளை இருக்கிற வீடு."

"அது உள்ளுக்கை இருக்கு. நாங்கள் வெளியிலை இருக்கிறம். இவ்வளவு காலம் ஒருத்தரையும் கடிக்கேல்லை."

நான் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்தவள். பாதரசப் பாரமானியின் படத்தைப் பெயர் குறித்துக் கீற எனக்குத் தெரியும். அதற்கு எப்போதும் முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் குழாய் எப்போதும் நிமிர்ந்தே நின்றது. படுக்கவைத்தால் என்ன ஆகும் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

சில கிழமைகள் நன்றாகப் போயின. காலையில் மகளுக்குச் சப்பாத்துப் போடும் முன் கண்ணாடியில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவேன். முள் மழைப் பக்கம் நகர்ந்தால் அவளுடைய பைக்குள் இன்னொரு கம்பளிச் சட்டை. மாற்றம் என்றாலும் ஒரு கம்பளிச் சட்டை. நல்ல காலம் என்றால் எனக்குச் சந்தேகம் வரும், ஆகவே அன்றைக்கும் ஒன்று. பிள்ளை நித்திரையில் வியர்க்கிறாள் என்று பராமரிப்பு நிலையத்தில் சொன்னார்கள். கருவி இல்லாத காலத்தில் அவளுக்கு வியர்த்ததில்லை.

பிறகு நவராத்திரி வந்தது. கடைசி நாள் சரஸ்வதி பூசை. எங்கள் வீட்டில் அது ஒழுங்காக நடக்கும். அலுமாரிக்கு முன்னால் வெள்ளை வேட்டி விரித்து, சரஸ்வதி படத்தின் அடியில் புத்தகங்கள், என் மடிக்கணினி, கணவர் வேலைத்தலத்திலிருந்து கொண்டுவந்த அளவு கருவிகள், மகளின் நிறப்பென்சில்கள் எல்லாவற்றையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவோம். வைத்தவற்றை மறுநாள் விஜயதசமி காலை வரை யாரும் தொடுவதில்லை. அந்தக் காலையில் மகளுக்கு ஏடு தொடக்குவதாகவும் இருந்தோம். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிக்கவேண்டும். அதற்காக இருவரும் லீவு எடுத்திருந்தோம்.

கணவர் பாரமானியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார்.

"இதுவும் கருவிதானே. வீட்டிலை இருக்கிற ஒரே உண்மையான கருவி இதுதான்."

"நிமிர்த்தித்தான் வைக்கவேணுமெண்டு அந்த மனுசி சொன்னவ."

"கொண்டுபோகேக்கை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னவ. இப்ப நாங்கள் எங்கையும் கொண்டுபோகேல்லையே."

"சாய்ச்சு வைச்சால் என்ன?"

"சரிஞ்சு விழுந்தால் கண்ணாடி உடையும். பிள்ளை வேறை ஓடித்திரியிறாள். படுக்கவைக்கிறதுதான் பாதுகாப்பு."

பாதுகாப்பு என்ற சொல்லை எடுத்தால் நான் மறுத்துப் பேசமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். பாரமானி வேட்டியில் மல்லாந்து படுத்தது. நான்தான் அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தேன். முள் ஒரு சுற்றுச் சுற்றி, கடும் வறட்சியில் போய் நின்றது. சரஸ்வதியின் அருள் என்று கணவர் சொன்னார். தொடக்கூடாது என்ற முறை இருந்ததால் அதன் பிறகு இருவரும் அதைத் தொடவில்லை. வழக்கமாக எதையும் பத்துத் தரம் திறந்து பார்க்கிற நானும் அன்றைக்கு மட்டும் முறையைக் கடைப்பிடித்தேன்.

காலையில் மகளுக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டு, நான் அவலைக் கவனிக்கக் குசினிக்குள் போனேன். தாம்பாளத்துக்கு இடம் போதவில்லை என்று கணவர் பாரமானியைத் தூக்கி நிமிர்த்தி, சுவருக்குக் கொண்டுபோய், ஆணியில் மாட்ட முயன்றுகொண்டிருந்தார். அப்போது மகளின் குரல் கேட்டது.

"பேர்லர். அம்மா, பேர்லர்."

டேனிஷில் முத்துகள் என்கிறாள். அவளிடம் முத்து எதுவும் இல்லை. கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். இரவு முழுக்கக் குழாயின் திறந்த வாயால் பெட்டிக்குள் வடிந்திருந்த பாதரசம், கணவர் தூக்கியபோது முதுகுப் பலகையின் அடி இடுக்கால் கொட்டியிருந்தது. வெள்ளை வேட்டியில், அரிசித் தாம்பாளத்தில், நிலத்தில், எங்கும் வெள்ளி மணிகள். அவள் ஒன்றை விரலால் அழுத்த அது பலதாகச் சிதறி ஓடியது. இவ்வளவு அழகான விளையாட்டுப் பொருளை நான் அவளுக்கு ஒருநாளும் வாங்கிக் கொடுத்ததில்லை. அவளுடைய மற்றக் கையின் விரல்கள் வாய்க்குள் இருந்தன.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கையைக் கழுவினேன். வாயைத் துடைத்தேன். உள்ளே விரல் விட்டுத் தேடினேன். ஓர் அரிசி அகப்பட்டது. பாதரசம் அகப்படவில்லை. அதை நல்ல செய்தியாக எடுப்பதா, கெட்ட செய்தியாக எடுப்பதா என்று தெரியவில்லை.

கணவர் வாக்குவம் கிளீனரை இழுத்துக்கொண்டு வந்தார். நஞ்சு சம்பந்தமாக ஆலோசனை சொல்லும் தொலைபேசிக்கு நான் அதற்குள் அழைத்துவிட்டேன். மறுபக்கத்தில் ஒரு பெண், மிக அமைதியான குரல்.

"வாக்குவம் கிளீனர் வேண்டாம். அது ஆவியை வீடு முழுக்கப் பரப்பும். அதை நிறுத்துங்கள்."

"நிப்பாட்டுங்கோ" என்று நான் தமிழில் கத்தினேன்.

"பிள்ளை எப்படி இருக்கிறாள்?"

"சிரிக்கிறாள்."

"ஒரு துளி விழுங்கியிருந்தாலும் அது உடம்பில் அவ்வளவாகச் சேராது, அப்படியே வெளியே போய்விடும். மூச்சில் போகிற ஆவிதான் கவனிக்கவேண்டியது. யன்னல்களைத் திறந்துவிடுங்கள், மணிகளைக் காகிதத்தால் கூட்டி மூடியுள்ள போத்தலில் போடுங்கள், அறையை நன்றாகக் காற்றாட விடுங்கள். பிள்ளையை வெளியே வைத்திருங்கள்."

"வெளியே குளிர்."

"நன்றாகப் போர்த்துங்கள்" என்றார் அவர்.

அன்றைக்கு எந்தக் கருவியிடமும் செயலியிடமும் கேட்காமல் என் மகளைத் தள்ளுவண்டியில் போட்டு வெளியே நிறுத்தினேன். பட்டுப் பாவாடைக்கு மேல் இருந்த கம்பளி எல்லாம். வானம் எப்படி இருந்தது என்று இப்போது நினைவில்லை. அவள் நன்றாக உறங்கினாள். நான் பக்கத்தில் நின்று அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கணவர் முழங்காலில் நின்று, சந்தனம் ஒட்டிய மணிகளைப் பத்திரிகைக் கடதாசியால் கூட்டி ஊறுகாய்ப் போத்தலில் சேர்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அவருடைய தொலைபேசி ஒலித்தது. அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து அவருடைய அம்மா, என் மாமி. திறந்த யன்னலால் எல்லாம் கேட்டது.

"ஏடு துவக்கியாச்சோ தம்பி?"

"ஓம் அம்மா."

"பிள்ளை அழாமல் எழுதினவளோ?"

"அழேல்லை. சந்தோசமா விளையாடினவள்."

"அரிசியை எறிஞ்சு போடாதையுங்கோ. அதிலை பொங்கிப் பிள்ளைக்குக் குடுக்கவேணும்."

கணவர் ஊறுகாய்ப் போத்தலைப் பார்த்தபடி, "ஓம் அம்மா, பாத்துச் செய்யிறம்" என்றார்.

அந்த அரிசியை அடுத்த நாள் கழிவு சேர்க்கும் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அபாயக் கழிவு வாங்குகிற மனிதர் போத்தலை வாங்கி வைத்துவிட்டு, கட்டிய பிளாஸ்டிக் பையைக் காட்டிக் கேட்டார்.

"இது?"

"அரிசி. உள்ளே பாதரசம் இருக்கிறது. சந்தனமும் இருக்கலாம்" என்றேன்.

அவர் பையைத் தூரப் பிடித்துக்கொண்டு, "சமைக்கிறதற்கா?" என்றார்.

"இல்லை, எழுதுவதற்கு."

அவர் பையைப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் தொடர்ந்து விளக்கம் சொன்னேன். கல்விக்கு ஒரு தெய்வம் இருக்கிறது, அதற்கு முன்னால் கருவிகளை வைப்போம், மகள் முதல் எழுத்தை எழுத இருந்தாள் என்று. எனக்குப் பின்னால் ஒருவர் பெயின்ற் வாளிகளோடு நின்றார். கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

வீட்டு மருத்துவரிடமும் போனோம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றார். அம்மாவுக்கு நித்திரை குறைவாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அதன் பிறகு, வெறும் குழாயோடு முள் தொங்கிப்போன அந்தப் பாரமானியைச் செய்தவர் யார் என்று தேடத் தொடங்கினேன். யார் மேலாவது கோபப்படவேண்டியிருந்தது. வட்ட முகத்தின் கீழே, பாரமானி சரியாமல் தொங்குகிறதா என்று மட்டம் பார்க்கும் சின்னதொரு குமிழி இருக்கிறது. அதன் தகட்டில் செய்தவரின் பெயரும் ஓர் ஆங்கில ஊரின் பெயரும் பொறித்திருந்தன. ஊர் ஆங்கில ஊர், பெயர் இத்தாலியப் பெயர். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பாரமானி செய்தவர்களில் பலர் இத்தாலியின் வடக்கே, ஏரிக்கரை ஊர்களிலிருந்து வந்தவர்களாம். கண்ணாடிக் குழாயை முதுகில் சுமந்து, மலை கடந்து, ஊர் ஊராக விற்று, பிறகு லண்டனிலும் மற்ற ஊர்களிலும் கடை போட்டிருக்கிறார்கள். ஆங்கிலேயருக்கு அவர்களுடைய மழையை அளந்து சொல்ல, வேற்று ஊர்க்காரர் போயிருக்கிறார்கள். அதில் எனக்கு வியப்பு வரவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இங்கே முதியோர் இல்லங்களில், டேனிஷ்காரருக்குக் கால்மேசு போட்டுவிட்டு, இன்றைக்குக் குளிர் கூட, கவனம் என்று சொல்கிறவர்கள்தான்.

பாரமானியின் கழுத்தில் இன்னொரு சின்ன வட்டம் இருக்கிறது. அதில் ஈரப்பதம் காட்டும் சின்ன முள்ளைத் திருப்புவது காட்டு ஓட்ஸ் கதிரின் ஒரு மயிர். ஈரத்தில் முறுக்கவிழும், காய்ந்தால் முறுகும். அதைக் கண்டுபிடித்துப் பொருத்தியவர்மேல் கோபப்பட எனக்கு முடியவில்லை. ஆனால் குழாய் நிரப்பும் முறையை வாசித்தபோது, நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தை மூடிவிட்டேன். காற்றுக் குமிழி இல்லாமல் இருக்க, பாதரசத்தைக் குழாயோடு கரி நெருப்பில் வைத்துக் கொதிக்கவிடுவார்களாம். அந்த ஆவியை மூச்சில் எடுத்தவர்களுக்குக் கை நடுங்கியது, பல் ஆடியது. பலருக்குக் கீழே பட்டறை, மேலே வீடு. அப்படியென்றால் மேலே ஒரு பெண் இருந்திருப்பாள், அவளுக்குப் பிள்ளைகளும் இருந்திருக்கும். செய்தவரின் பெயர் தகட்டில் இருக்கிறது. அவள் பிள்ளையை எங்கே படுக்கவைத்தாள் என்று எங்கும் இல்லை. மாடி யன்னலைத் திறந்தாளா, புகை வருகிறதென்று மூடினாளா? எனக்குத் தொலைபேசியில் ஓர் அமைதியான குரல் இருந்தது. அவளுக்குக் கீழேயிருந்து கணவரின் இருமல் கேட்டிருக்கும்.

இதையெல்லாம் கணவரிடம் சொன்னேன். அவர் "அப்ப இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்ததை நாங்கள் செத்த சாமானா வைச்சிருக்கிறது சரியே?" என்றார். நான் சொன்ன கதையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அதுதான்.

எங்கள் யூலாந்துப் பகுதியிலேயே பழைய பாரமானிகளைத் திருத்துகிற ஒருவரைக் கண்டுபிடித்ததும் அவர்தான். போனோம். பட்டறை முழுக்கச் சுரைக்காய்கள் தொங்கின. எல்லா முள்களும் வெவ்வேறு வானிலையைக் காட்டின. மனிதர் பேச்சுப் பிரியர். எங்கள் பாரமானியின் மரத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தைச் சுரண்டிப் பார்த்து, இது என்ன மெருகு என்று கேட்டார். கணவர் சொன்னார். அதைக் கேட்ட அந்த மனிதர், படுக்கவைத்து நாசமாக்கியவர்களைத் தான் நிறையப் பார்த்திருப்பதாகவும், பெரும்பாலும் வீடு மாறும்போதுதான் அப்படி நடக்கும் என்றும், வழிபடுவதற்காக நாசமாக்கியவர்கள் நாங்கள்தான் முதல் என்றும் சொன்னார். அதில் கொஞ்சம் பாராட்டும் இருந்தது.

"பாதரசம் பிள்ளைக்கு ஆபத்து இல்லையா?" என்று கேட்டேன்.

"நாங்கள் பள்ளிக்கூடத்தில் உள்ளங்கையில் உருட்டி விளையாடினோம். என்னைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். அவர் மூன்றாவது தடவையாகத் தன் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது நெற்றியில் இருந்தது.

இப்போது பெட்டி ஒட்டியாகிவிட்டது, குழாய் கழுவியாகிவிட்டது என்று அவர் அழைத்துச் சொல்லியிருக்கிறார். மூன்று வழி இருக்கிறதாம். மீண்டும் பாதரசம் நிரப்பலாம். பழைய பொருள் என்பதால் அது சட்டப்படி ஆகும் என்கிறார், நானும் விதிகளைத் தேடி வாசித்தேன், வாசிக்க வாசிக்க விளக்கம் குறைந்தது. அல்லது குழாயைக் கழற்றிவிட்டு, பாதரசம் இல்லாத உலோகப் பெட்டி இயந்திரம் ஒன்றை உள்ளே வைக்கலாம். இதைச் சொல்லும்போது அவருக்கு விருப்பமில்லாதது குரலில் தெரிந்தது. அல்லது வெறுமையாக விட்டு, முள்ளை நமக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

கணவர் நிரப்பவேண்டும் என்கிறார். அடியில் இடுக்கு வராமல் தானே தகடு அடிப்பாராம், கூரைக்குக் கிட்டத் தொங்கவிடுவாராம், அடுத்த பூசைக்கு அதன் படத்தை மட்டும் வைப்பாராம். எனக்கு, எங்கள் மகள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்பது மட்டும் தெரிகிறது. அவளைக் கேட்டால் ஜா என்பாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தபாடில்லை. நிரப்பச் சொன்னால், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாழ்கிறவள் ஆகிவிடுவேன். அந்த உலோகப் பெட்டியை வைக்கச் சொன்னால், இரண்டு ஆண்களின் வாடிய முகத்தைப் பார்க்கவேண்டும். பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிற காற்றோடு ஒப்பிட்டால் அது பெரிய விலை இல்லை என்று காலையில் தோன்றுகிறது, மத்தியானத்தில் நான் அளவுக்கு மேல் பயப்படுகிறேனோ என்று தோன்றுகிறது.

மாத முடிவுக்குள் திருத்துகிறவருக்குப் பதில் சொல்லவேண்டும். இதை வாசிக்கிறவர்களில் சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் இப்படி ஒரு பழைய கருவியை வைத்திருப்பவர்கள், வைத்திருந்து எடுத்தவர்கள், எடுத்துவிட்டுக் கவலைப்பட்டவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எங்கே தொங்கவிட்டீர்கள், பிள்ளைக்கு அப்போது என்ன வயது, வீட்டில் யார் சொன்னது கடைசியில் நடந்தது என்று எழுதினால் உதவியாக இருக்கும். பயப்படவேண்டாம் என்று மட்டும் எழுதுவதாக இருந்தால் வேண்டாம், அதை வீட்டிலேயே ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.